பொன்னியின் செல்வன்: கல்வெட்டு நிற்கும் இடமும் கல்கி புறப்படும் இடமும்

வடகரையான் (இழையைத் தொடங்கியவர்)

படம் இரண்டு பாகமும் வந்து போனதிலிருந்து நாவலைக் கையில் எடுத்தவர்கள் ஏராளம். எல்லாரும் கேட்பது இரண்டே கேள்வி: இதில் எது நிஜம்? எந்தப் பதிப்பை வாங்குவது? இரண்டுக்கும் இங்கேயே பதில் போட்டு வைப்போம். “மெய்சிலிர்த்தேன்” பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே எந்த இடம், எந்தச் செய்தி, கல்கி அதை என்ன செய்தார் என்று மட்டும். கதை முடிச்சுகள் எல்லாம் அவிழும். ஐந்தாம் பாகம் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

ஆரம்பம் என்னுடையது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். அங்கே கோ இராசகேசரி வர்மரின் (ராஜராஜ சோழன்தான்) 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வாசகம் எபிகிராஃபியா இண்டிகா என்ற கல்வெட்டு வெளியீட்டுத் தொடரின் 21ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை அது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களும் அவர்களுடைய உறவுக்காரர்களும் வைத்திருந்த நிலம், உடைமை எல்லாவற்றையும் பறிக்கச் சொல்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலைக்குக் கல்லில் இருக்கும் நேரடிச் சாட்சி இதுதான்.

நாவலின் முதல் பக்கத்தைத் திறங்கள். வந்தியத்தேவன் குதிரையில் வருவது எந்த ஏரிக்கரை? வீரநாராயண ஏரி. மூன்றாம் அத்தியாயத்தில் வருவது எந்தக் கோயில்? வீரநாராயணபுரத்து விண்ணகரம். கொலைகாரர்களின் சொத்து பறிமுதலான அதே ஊர். கொலை நடப்பது இருநூறு அத்தியாயத்துக்கு அப்பால், ஆனால் அந்தக் கல் நிற்கிற ஊரிலிருந்துதான் கல்கி கதையைக் கிளப்புகிறார். எங்கும் அதைச் சுட்டிக்காட்டவும் இல்லை. இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் அவரை இரண்டாம் முறை படிக்க வேண்டும்.

---

செப்பேடு

நல்ல தொடக்கம். ஒன்றைச் சேர்க்கிறேன். பிரமாதிராசன் என்பது சோழர்கள் அந்தண அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். “பஞ்சவன்” பாண்டியனைக் குறிக்கும். “இருமுடிச்சோழன்” சோழப் பெயர். ஆக, கல்வெட்டுக்காரர்கள் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்த ஆட்கள். கல்கியின் ரவிதாசன் சுடுகாட்டு மந்திரவாதி, கரிகாலன் தலைகொண்ட வீரபாண்டியனின் ஆபத்துதவி (மெய்க்காவலன்). பெயர் மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு, ஆளை முழுக்க மாற்றிவிட்டார். உள்ளாட்கள் ஏன் கொன்றார்கள் என்ற கேள்வியைத் தொட்டால் உத்தம சோழன் மேல் விரல் நீளும். அந்த விரலை மடக்கத்தான் பாண்டியப் பழிவாங்கல்.

விரல் நீள்வதற்குக் காரணமும் கணக்குதான். கொலை 969 வாக்கில். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. நடுவில் உத்தமசோழன் ஆண்ட காலம் முழுக்கப் போய், ராஜராஜனின் இரண்டாம் ஆண்டில்தான் இந்த ஆணை வருகிறது. இவ்வளவு தாமதம் ஏன் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தமனைச் சந்தேகித்தார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்கிக்கு இரண்டு பேரின் புத்தகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சாய்ந்தது பண்டாரத்தார் பக்கம்.

இப்போது சிக்கல். திருவாலங்காட்டுச் செப்பேடு என்ன சொல்கிறது? குடிமக்கள் அருண்மொழியை (பின்னாளைய ராஜராஜன்) ஆளச் சொன்னார்கள்; சிற்றப்பன் மதுராந்தகனுக்கு, அதாவது உத்தம சோழனுக்கு, அரசாசை இருப்பது தெரிந்து அவன் மறுத்துவிட்டான். நாவலின் மதுராந்தகனோ நான்கு பாகத்துக்குச் சதிக்கூட்டத்தில் பல்லக்குக்குள் உட்கார்ந்திருக்கிற ஆள். அவனிடம் நாட்டை ஒப்படைத்தால் அருண்மொழி தியாகி அல்ல, முட்டாள். ஒப்படைக்காவிட்டால் செப்பேடு பொய். அதற்காகத்தான் இரண்டு மதுராந்தகர்கள். பூக்குடலை சுமக்கும் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான பிள்ளை என்று வந்ததும் செப்பேடும் நின்றது, தியாகமும் நின்றது.

இன்னும் அழகு, மிச்சமிருந்த போலி மதுராந்தகனை அவர் வீணாக்காதது. அவன் பாண்டிய வாரிசாகி அமரபுஜங்கன் என்ற பெயரோடு போகிறான். ராஜராஜன் வென்ற பாண்டியனுக்குத் திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் பெயரும் அமரபுஜங்கன். கற்பனைப் பாத்திரத்தைக் கொண்டுபோய்ச் செப்பேட்டில் இருக்கும் ஒரு பெயருக்குள் உட்கார வைத்துவிட்டார்!

---

புதுவாசகன்

முதல் பாகத்தில் 20 அத்தியாயம் தாண்டிவிட்டேன். போன் செயலியில் படிக்கிறேன். பாட்டு எல்லாம் உரைநடையோடு கலந்து ஒரே பத்தியாக வருகிறது, அடிக்குறிப்பு எண் இருக்கிறது, குறிப்பு இல்லை. அச்சுப் புத்தகமே வாங்கிவிடலாமா? எதைப் பார்த்து வாங்குவது? விலை 500க்கும் கிடைக்கிறது, 3000க்கும் கிடைக்கிறது, ஒன்றும் புரியவில்லை.

---

தாழங்குடை

தம்பி, கல்கியின் எழுத்தைத் தமிழக அரசு 1999இல் நாட்டுடைமை ஆக்கியது. அதனால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அச்சிடலாம். விலை வித்தியாசத்துக்கு அதுதான் காரணம். மலிவுப் பதிப்பு எல்லாமே மோசம் என்று அர்த்தமில்லை. கடையிலேயே நின்று ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

முதலில் அத்தியாய எண்ணிக்கை. புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. மொத்தம் 293. ஒவ்வொரு பாகத்தின் கடைசி அத்தியாய எண்ணை மட்டும் புரட்டிப் பாருங்கள். குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு, அட்டையில் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும். அடுத்து, ஐந்தாம் பாகத்தின் முடிவில் கல்கி வாசகர்களோடு பேசும் முடிவுரை இருக்கிறதா என்று பாருங்கள். யார் பின்னால் என்ன ஆனார்கள் என்று அவர் சொல்வது அங்கேதான். சில பதிப்பில் அதை வெட்டிவிடுகிறார்கள், அப்புறம் வாசகர்கள் “கதையைப் பாதியில் விட்டுவிட்டார்” என்று திட்டுகிறார்கள்.

மூன்றாவது பாட்டு. ஐந்தாம் அத்தியாயம் குரவைக் கூத்தைத் திறந்தால் பாட்டு வரிகள் தனித்தனியாக மடங்கியிருக்க வேண்டும். ஒட்டி அச்சடித்திருந்தால் மின்பதிப்பைத் தூக்கி அப்படியே பக்கம் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மதுரைத் திட்டத்திலும் விக்கிமூலத்திலும் இலவசமாக இருக்கும் மூலம் கெட்டதல்ல, தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டியது. அதை எழுத்துரு மாற்றி வேறு செயலிக்குள் கொட்டும்போதுதான் வரி மடிப்பு போகிறது, அடிக்குறிப்பு கழன்றுவிடுகிறது, கிரந்த எழுத்து வரும் இடத்தில் கட்டம் கட்டமாக நிற்கிறது.

நான்காவது தாள். ஒரே தொகுதியாகத் தைத்தது பார்க்கக் கம்பீரம், கையில் பிடித்துப் படிக்க முடியாது. முதுகு ஒடிந்து நடுப்பக்கம் கழலும். ஐந்து தொகுதியாக வாங்குங்கள். மணியத்தின் ஓவியம் உள்ள பதிப்பு கிடைத்தால் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. அதிலும் ஓவியம் அந்தந்த அத்தியாயத்தில் இருக்கிறதா, எல்லாவற்றையும் வாரிப் பின்னிணைப்பில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பின்னிணைப்பு ஓவியம் கல்யாண ஆல்பம் மாதிரிதான்.

---

மணியம்ரசிகை

தாழங்குடை ஐயா சொன்னதற்கு ஒரு வழிமொழிதல். மணியம் வரைந்தது கதை எழுதி முடிந்த பிறகு அல்ல. வாராவாரம், கதையோடு கதையாக. குந்தவையின் கொண்டையும் நந்தினியின் கொண்டையும் வேறு வேறு. பெயர் பார்க்காமலே யார் என்று சொல்லிவிடலாம். வாராந்தரியில் அது அலங்காரம் மட்டுமல்ல: ஏழு நாள் இடைவெளியில் பாத்திரத்தை மறந்துபோன வாசகருக்கு அந்தப் படம்தான் ஞாபகக் கயிறு. இன்றைக்குப் பெண் பாத்திரங்களைப் பற்றி நாம் மனசில் வைத்திருக்கும் உருவம் பாதி கல்கியுடையது, பாதி மணியத்தினுடையது.

ஆனந்த விகடனில் வேள்பாரிக்கு வரைந்த மணியம் செல்வன் அவருடைய மகன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்பாவின் கோடு எங்கே தொடர்கிறது, எங்கே விலகுகிறது என்று தெரியும்.

---

ஏரிக்கரை

தூரக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன், நாவலோடு வரைபடத்தை வைத்துப் படிப்பவர்களுக்கு உதவும்.

தில்லைக்கு மேற்கே இரண்டு காதத்தில் ஏரி, நீளம் ஒன்றரைக் காதம், அகலம் அரைக் காதம் என்று முதல் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறார். காதத்துக்குப் பத்து மைல் என்று அகராதியைப் பார்த்துப் போட்டால் எதுவும் ஒட்டாது. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் சுமார் 25 கிலோமீட்டர். அதை இரண்டால் வகுத்தால் காதம் 12 கிலோமீட்டர் சொச்சம். இன்றைய வீராணத்தின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர், அகலம் ஐந்தரைக்கு மேல். ஒன்றரைக் காதம் 18, அரைக் காதம் 6. ஆயிரம் வருஷத்து வண்டலையும் ஆக்கிரமிப்பையும் கழித்துக்கொண்டால் கச்சிதம். ஆள் அந்த வட்டாரத்தை அளந்துதான் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் புத்தமங்கலம், மயிலாடுதுறைப் பக்கம், வெகுதூரமும் இல்லை.

ஆகவே எங்கே காதம் வந்தாலும் 12 கிலோமீட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள். வந்தியத்தேவனின் பயணம் நம்பும்படி இருக்கும்.

பழுவூர் போக நினைப்பவர்களுக்கு: அரியலூர்ப் பக்கம் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று இரண்டு ஊர். பழுவேட்டரையர் கட்டிய இரட்டைக் கோயில், அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம், மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூரில் இருக்கிறது. ஊர்ப்பெயரை மட்டும் நம்பிப் போனால் வேறு கோயிலில் நிற்பீர்கள். பழுவேட்டரையர் மரபு அசல் சரித்திரம். பராந்தகன் அந்த வீட்டில் பெண்ணெடுத்ததை அன்பில் செப்பேடு சொல்கிறது. பெரியவர், சின்னவர், தனாதிகாரி, அறுபத்துச் சொச்சம் வயதில் கல்யாணம், இதெல்லாம் கல்கி.

---

கூர்வாள்

எல்லாரும் புகழ்கிறீர்கள், கொஞ்சம் எதிர்த்து எழுதுகிறேன். மூன்றாம் பாகம் இழுவை. ஆழ்வார்க்கடியான் ஒரே சண்டையைப் பத்து தடவை போடுகிறான். ஒரு பாத்திரம் பார்த்ததை இன்னொரு பாத்திரத்திடம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது, நாம் அதை ஏற்கெனவே படித்துவிட்டோம். ஒளிந்து நின்று ஒட்டுக் கேட்பது எத்தனை தடவை? எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

---

வடகரையான்

கூர்வாள், சொன்னது அத்தனையும் சரி, ஆனால் காரணம் இருக்கிறது. கல்கி இதழில் 29-10-1950 தொடங்கி 16-5-1954 முடிய ஓடிய தொடர். வாரக்கணக்குப் பார்த்தால் 186 இதழ், அதில் 293 அத்தியாயம். முந்தின வாரத்தை விட்டுவிட்ட ஆளுக்கும், இரவல் வாங்கிப் படிக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் கதை புரிய வேண்டும். நீங்கள் “ஏற்கெனவே படித்துவிட்டோம்” என்று சொல்லும் பத்தி, அன்றைக்கு மூன்று மாதத்துக்கு முந்தைய சமாசாரம். நாளைக்கு ஐம்பது பக்கம் என்று ஓட்டினால் அந்த மறுகூறல் உறுத்தத்தான் செய்யும். நாளைக்கு மூன்று அத்தியாயம் என்று வையுங்கள். நூறு நாளுக்குள் முடிந்துவிடும், உறுத்தலும் பாதியாகும்.

ஒட்டுக் கேட்பது பற்றி. நான்காம் அத்தியாயத்திலிருந்து ஏழு வரை மறுபடி பாருங்கள். கடம்பூர் மாளிகைக்குள் நுழைய வழி, குரவைக் கூத்து, தேவராளன் வெறியாட்டம், அப்புறம் நடுநிசிக் கூட்டம். வந்தியத்தேவன் மேலே மறைந்து கிடந்து பார்க்கிறான். அந்தக் கூட்டத்தில் பேசப்படுவது என்ன? கண்டராதித்தர் யார், அரிஞ்சயர் யார், சுந்தர சோழர் எப்படிப் பட்டத்துக்கு வந்தார், மதுராந்தகருக்கு ஏன் உரிமை. நான்கு தலைமுறைச் சோழ வமிசாவளி! இதையே ஆசிரியர் கூற்றாக எழுதியிருந்தால் பள்ளிப் பாடம். வெளியே ஒருத்தன் அகப்பட்டால் தலை போகும் நிலையில் கேட்டுக்கொண்டிருப்பதால் நாமும் மூச்சை அடக்கிக் கேட்கிறோம். கூட்டம் முடிந்து பல்லக்குத் திரை விலகி மதுராந்தகர் முகம் தெரியும்போது, அவர் யார் என்று யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. பாடம் முடிந்துவிட்டது.

பின்னால் வரும் ஒட்டுக் கேட்டல்களில் சில இந்த அளவுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் பாகம் இழுவை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாம் பாகத்துப் புயல் அத்தியாயங்களில் அந்த இழுவைக்கெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார். “கடல் பொங்கியது”, “நந்தி முழுகியது” இரண்டையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் நீர்மட்டம் ஏறுவதை அந்த நந்தி சிலையை அளவுகோலாக வைத்தே காட்டுகிறார்.

---

செப்பேடு

நாகப்பட்டினம் வந்ததால் ஒரு காலப் பிழையையும் பதிந்துவிடலாம். இளவரசர் அருண்மொழி குளிர்சுரத்தோடு தங்கும் சூடாமணி விகாரம் ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் பெயரில் எழுந்தது. ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06 வாக்கில், ஆனைமங்கலத்தை அதற்குக் கொடுத்தான். நெதர்லாந்தின் லைடன் நகரின் பெயரால் அறியப்படும் பெரிய செப்பேடு அதைத்தான் சொல்கிறது. கதை நடப்பது 969 சுற்றி. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் முன்னால் இழுத்துவிட்டார்.

தெரியாமல் செய்ததாகத் தோன்றவில்லை. பின்னாளில் ராஜராஜன் ஏன் ஒரு பௌத்த விகாரத்துக்கு ஊரையே கொடுத்தான் என்பதற்கு, இளமையில் அங்கே பிக்ஷுக்கள் அவன் உயிரைக் காத்தார்கள் என்று ஒரு காரணம் கிடைக்கிறது பாருங்கள். செப்பேடு சொல்லும் விளைவுக்கு நாவலாசிரியர் காரணம் கட்டுகிறார். நல்ல சரித்திர நாவலுக்கும் ராஜா ராணிக் கதைக்கும் வேறுபாடு அதில்தான்.

---

யவனக்கப்பல்

கல்கி கல்கி என்று ஐந்து பக்கம் ஓட்டிவிட்டீர்கள். சாண்டில்யனுக்கு ஒரு வரி இல்லையா?

கடல் புறா மூன்று பாகம், குமுதத்தில் வந்தது. நாயகன் இளையபல்லவன் என்ற கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்துப் பரணியின் தளபதி. கதை கலிங்கத்துப் பாலூர்ப் பெருந்துறையில் தொடங்கி ஸ்ரீவிஜயம் வரை போகிறது. வீரராசேந்திரன் கடாரத்தை வென்று அதன் மன்னனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று அவனுடைய 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மூன்று பாகம்! அகூதா, அமீர், மஞ்சளழகி எல்லாம் அவர் வார்த்தது.

கல்கியிடம் கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது: போர் உத்தி. காற்று எந்தப் பக்கம், எதிரிக் கப்பலின் எந்த விலா தெரிகிறது, தீயம்பை எப்போது விடுவது, கரையிலிருந்து எத்தனை தூரத்தில் நங்கூரம், இதெல்லாம் வரிசையாக வரும். தாளில் கோடு போட்டுத் தொடர்ந்தால் பெரும்பாலும் பிசகாது. வர்ணனை நீளம், அதிலும் நாயகியைப் பார்த்தால் ஒரு பக்கம் போய்விடும். அந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு போங்கள், கதை எங்கும் போகாது.

---

கூர்வாள்

ஒன்று கவனித்தீர்களா? கலிங்கப் போர் சுமார் 1110. கடல் புறா நடப்பது அதற்கு நாற்பது வருஷம் முன்னால். அப்போது கருணாகரனுக்கு இருபத்தைந்து என்று வைத்தாலும் பரணி பாடப்பட்டபோது அறுபத்தைந்து. ஜெயங்கொண்டார் பாடும் தளபதி கிழவர்!

---

யவனக்கப்பல்

அதனால் என்ன, பெரிய பழுவேட்டரையரை விட இளையவர்தான்.

---

உலைக்களம்

எழுத முயல்கிறவர்களும் இந்த இழையைப் படிப்பதால், அடிக்கடி தவறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் வரும் புதுச் சோழர் தொடர்களில் வாராவாரம் பார்ப்பது.

சமையலறைதான் முதல் கண்ணி. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா, அன்னாசி, புகையிலை எல்லாம் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு, 1500க்கு அப்பால் வந்தவை. சோழ வீட்டுக் குழம்பில் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி. புளி தாராளமாக விடலாம்.

அடுத்தது பணம். “ஆயிரம் பொற்காசு பரிசு” என்று வாரி இறைக்கிறார்கள். அன்றைய பொன் எடைக் கணக்கில் இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகையை ஒவ்வொன்றாக மஞ்சாடி, குன்றி வரை நிறுத்து எழுதியிருக்கிறார்கள். அரசனின் அக்கா கொடுத்த நகைக்கே அந்தக் கறார் என்றால், சத்திரக்காரனுக்கு நாயகன் ஒரு பொற்காசை வீசிவிட்டுப் போக முடியாது. நெல் அளந்து கொடுப்பது, நிலம் விடுவது, இப்படி எழுதினால்தான் காலம் தெரியும்.

மூன்றாவது கட்டடம். வானளாவிய ராஜகோபுரம் பின்னாளைய வழக்கம். பத்தாம் நூற்றாண்டில் உயரம் என்றால் கருவறை மேல் விமானம்தான், அதுவும் பெரும்பாலும் சிறியது. பொன்னியின் செல்வன் அட்டையிலேயே தஞ்சைப் பெரிய கோயிலைப் போடுகிறார்களே, 969இல் அது ஏது? ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் விமானத்துக்குக் கலசம் கொடுத்தது 1010இல். கதை நடக்கும்போது அந்த இடத்தில் என்ன இருந்ததோ, 216 அடி விமானம் இல்லை.

நான்காவது, பேர். ஒவ்வொரு சோழனும் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொள்வான். ராஜராஜன் இராசகேசரி, ராஜேந்திரன் பரகேசரி. உங்கள் கதையில் ஓலை வாசிக்கிற காட்சி இருந்தால் முதல் வரியில் இந்தப் பட்டத்தைச் சரியாகப் போடுங்கள், பாதி நம்பகம் அங்கேயே வந்துவிடும்.

இதற்கெல்லாம் எங்கே பார்ப்பது என்று கேட்பார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் 2ஆம் தொகுதி பெரிய கோயிலுக்கு. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆவணம் இதழ் புதிதாகக் கண்டுபிடித்த கல்வெட்டுக்கு. குடவாயில் பாலசுப்ரமணியன் கோயில் வாரியாக எழுதியவை தமிழிலேயே இருக்கின்றன.

---

நாட்குறிப்பு

சோழ நாட்டை விட்டுக் கொஞ்சம் கடற்கரைப் பக்கம் வாருங்கள். கல்கிக்கும் சாண்டில்யனுக்கும் சான்று கொஞ்சம், இடைவெளி அதிகம். பிரபஞ்சனுக்கு நேர் எதிர். மானுடம் வெல்லும், வானம் வசப்படும் இரண்டும் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி. துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அப்படியே கையில் இருக்கிறது. யார் எத்தனை மணிக்கு கவர்னரைப் பார்க்க வந்தார், என்ன சீலை எத்தனை கட்டு ஏறியது, எந்தக் கோயிலை இடித்தார்கள், அத்தனையும். இங்கே எழுத்தாளனின் வேலை கூட்டுவது அல்ல, கழிப்பது. பிள்ளைவாள் எழுதாமல் விட்ட தாசியையும் கூலிக்காரனையும் பிரபஞ்சன் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார். வானம் வசப்படும் நாவலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது. சாகசம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

சு. வெங்கடேசனின் காவல் கோட்டமும் இந்த வகைதான், ஆவணத்தோடு வாய்மொழியும் சேர்த்தது. அதற்குத் தனி இழை போடலாம், இங்கே அடங்காது.

---

புதுவாசகன்

தகவலுக்கு நன்றி ஐயா. ஐந்து தொகுதிப் பதிப்பு சொல்லிவிட்டேன், 293 சரிபார்த்தாகிவிட்டது. அடுத்து எதைப் படிப்பது என்று வரிசை சொல்லுங்கள். கல்கியின் மற்ற இரண்டில் எது முதல்?

---

தாழங்குடை

பார்த்திபன் கனவு முதலில் எழுதியது, சிவகாமியின் சபதம் அதற்குப் பின் 1944இல் தொடங்கியது. ஆனால் சரித்திரப்படி சபதம்தான் முன்னால்: மகேந்திரவர்மன், புலிகேசியின் முற்றுகை, 642இல் நரசிம்மவர்மன் வாதாபியை அழித்தது. பார்த்திபன் கனவு அதற்குப் பிற்பட்ட நரசிம்மவர்மன். எழுதிய வரிசையில் படிக்கச் சொல்வேன். பார்த்திபன் கனவின் ருசியே அந்தச் சிவனடியார் யார் என்ற மர்மம். சபதத்தில் நரசிம்மனோடு நாலு பாகம் பழகிவிட்டு வந்தால் முதல் சந்திப்பிலேயே ஆளைப் பிடித்துவிடுவீர்கள். பார்த்திபன் கனவில் வரும் குந்தவி பல்லவ இளவரசி, பழையாறைக் குந்தவையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சபதம் படிக்கும்போது பெரிய புராணத்தில் சிறுத்தொண்டர் கதையைப் பக்கத்தில் வையுங்கள். பரஞ்சோதி அவர்தான். வாதாபியைத் துகளாக்கியவர் என்று சேக்கிழாரே சொல்லியிருக்கிறார். சிவகாமியும் நாகநந்தியும் கல்கியுடையவர்கள்.

பொன்னியின் செல்வன் முடித்த கையோடு “அப்புறம் என்ன ஆச்சு” என்று கை பரபரத்தால் விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி, அதே பாத்திரங்களைத் தொடர்வது. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு போங்கள். அகிலனின் வேங்கையின் மைந்தன் ராஜேந்திரன் கதை. பராந்தகன் காலத்திலேயே பாண்டியன் இலங்கையில் ஒப்படைத்த மணிமுடியை ராஜேந்திரன் மீட்பதுதான் அதன் உயிர்; 1963இல் சாகித்திய அகாதெமி விருது. பாலகுமாரனின் உடையார் ஆறு பாகம், பெரிய கோயில் எழும்பும் கதை. கல்லேற்றும் சாரம், யானை, தச்சர் பூசல் என்று வேலைத்தளமே நாவல். இதைக் கடைசியில் வையுங்கள், கல்கி நடை காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது தொட்டால் ஒட்டாது.

---

ஏரிக்கரை

தஞ்சாவூர் போகிறவர்களுக்கு ஒன்று. வந்தியத்தேவனுக்குக் கல்லில் சான்று உண்டா என்று மூன்று பேர் தனிச்செய்தியில் கேட்டுவிட்டார்கள். உண்டு, ஆனால் அவன் பெயர் வருவது மனைவியை அடையாளம் சொல்லத்தான். பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜ தேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவர் மாதேவியார் ஆழ்வார் பராந்தகன் குந்தவையார் என்கிறது. அவர் கொடுத்த செப்புத் திருமேனிகளில் “பொன்மாளிகைத் துஞ்சின தேவர்” (பொன்மாளிகையில் மறைந்த அரசர்) என்று அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. சுந்தர சோழர்தான் அந்தத் தேவர்.

காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து படிக்க வரும். உச்சி வெயிலில் கல்லும் எழுத்தும் ஒரே நிறம். மாவு, சுண்ணாம்பு எதையும் தேய்க்காதீர்கள், காவலர் பிடித்தால் அபராதம், பிடிக்காவிட்டாலும் கல் அரிக்கும். செல்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். புள்ளி இருக்காது, குறில் நெடில் எகர ஒகரத்தில் வேறுபாடு தெரியாது. “வந்த்யதேவர்” என்று கிரந்தம் கலந்து வரும். வாசகத்தை முன்னாலேயே அச்சில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

---

கூர்வாள்

அச்சில் எடுக்கும்போது தென்னிந்தியக் கல்வெட்டுகள் 2ஆம் தொகுதியில் 6ஆம் எண்ணையும் சேர்த்து எடுங்கள். அந்த அப்பா, அம்மா திருமேனிகள் வருவது அதில்தான்.